முப்பதாயிரம் யாருக்குப் போனது

மாஷிதா கிண்டும் தொதல் என்ற இனிப்புக்குத் துபாய் போகிற கீழக்கரைக்காரர்களிடம் தனி கிராக்கி. அன்றும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் உருளியில் இறுகிக்கொண்டிருந்த நேரத்தில்தான், கணக்கெடுக்கும் பெண் மாரிச்செல்வி வந்தாள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம், சிறுதொழில் தொடங்க விரும்பிய பெண்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து ஆளுக்கு முப்பதாயிரம் கொடுத்தது; மாஷிதாவும் அதில் ஒருத்தி. கடனில்லை, சும்மாவே. அந்தப் பணத்தால் இன்று என்ன மிச்சம் என்று கேட்க வந்திருந்தாள்.

கேள்வி மாஷிதாவுக்கு. பதில் சொன்னதோ நாற்காலியில் சாய்ந்திருந்த அவள் கணவன் காஜா நவாஸ்.

"அல்ஹம்துலில்லாஹ், அந்தக் காசுலதாம்மா இந்த யாவாரமே நிக்கிது. ஓனர்னு என் பேர எழுதிக்க."

துடுப்பை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். மாஷிதா கிண்டியபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பணம் வந்த வாரமே அவன் அதைத் தன் செல்போன் கடைக்கு வாங்கிப் போனான். ஒன்றரை வருடத்தில் அந்தக் கடை மூடியது. அவள் கம்மலை விற்றுத்தான் இந்த உருளியை வாங்கினாள். பொம்பளைக்கு என்ன யாவாரம் என்று ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவன், லாபம் வந்ததும் லைசென்ஸைத் தன் பேரில் எடுத்துக்கொண்டான்.

"பொய்ய எழுதாதம்மா. அந்தக் காசு இவுக கடையோட முங்கிப்போச்சு. இது என் கம்மல்."

"வாய மூடு! லைசென்ஸே என் பேர்லதான் இருக்கு."

மாஷிதா எழுந்து துடுப்பை அவன் கையில் திணித்தாள். "ஓனர்தானே? கிண்டுங்க."

அவன் அதைத் தரையில் வீசினான். இருவரும் குனியவில்லை. தீய்ந்த வாடை கிளம்பியது.

"அக்கா, கருகுது" என்று பதறினாள் மாரிச்செல்வி.

"கருகட்டும். இது எங்க வாப்பா எனக்குக் குடுத்த வீடு. இவுக கிளம்பட்டும்."

காஜா நவாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போனான். மாலை விமானத்துக்குப் போகவேண்டிய பார்சல் போகவில்லை. மாஷிதா அடிக்கருகலைச் சுரண்டியபடியே மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள்.

நாலாம் நாள் அவன் உம்மா சமாதானம் பேச வந்தார்.

"லைசென்ஸ என் பேருக்கு மாத்தச் சொல்லுங்க மாமி. பெறகு பேசலாம்" என்று மாஷிதா ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள்.

மாமி காகிதத்தை வாங்காமலே திரும்பிப் போனார். மாஷிதா அடுப்பைப் பற்றவைத்தாள்.