பறக்குற கார்டும் டீசல் கார்டும்

மேகம் பஞ்சு மாதிரி இருக்குதுன்னு ஊரு உலகமே சொல்லுது. சொல்றவங்கள்ல எத்தன பேரு பஞ்ச கையால தொட்டிருப்பாங்க? கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து நான் இலவம்பஞ்சுலதான் கெடக்குறேன். தலையில பஞ்சு, மூக்குல பஞ்சு, சோத்துல பஞ்சு. மேகத்துக்கும் பஞ்சுக்கும் ஒப்பு சொல்றதுன்னா என்னையக் கேட்டுட்டுதான் சொல்லணும். ஆனா நான் மேகத்தக் கிட்டத்துல பாத்ததில்ல. ஒருக்கா மேல போயி பாத்துப்புட்டு வந்து, ஆமாங்க, இல்லைங்கன்னு ஒரு வார்த்த சொல்லிப்புடணும். என் ஆச அவ்வளவுதான்.

காரிமங்கலத்துல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி எங்க மெத்தைக்கடை. கல்யாணச் சீருக்கு மெத்தை, ஹாஸ்டல் புள்ளைங்களுக்குத் தலையணை, எல்லாம் நாங்க செய்யறதுதான். போர்டுல வீரமணி மெத்தை ஹவுஸ்னு இருக்கும். வீரமணி எங்க வூட்டுக்காரரு. தைக்கிறதும் அடைக்கிறதும் சுகுணாவாகிய நானு. அவரு குட்டி யானை வண்டியில சரக்க ஏத்திக்கிட்டுப் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்னு போயி இறக்கிட்டு வருவாரு. பொழப்பு நல்லாத்தான் போவுது. தூங்காத மனுசன் உண்டா?

போன மாசம் பேங்க்ல இருந்து பிரியதர்ஷினின்னு ஒரு பொண்ணு ஸ்கூட்டியில வந்து இறங்குச்சு. "அக்கா, சின்ன யாவாரத்துக்குன்னே கிரெடிட் கார்டு போட்டுத் தர்றோம். போடியில இருந்து பஞ்சு எடுக்குறீங்க, ஈரோட்டுல துணி எடுக்குறீங்க, எல்லாத்தையும் இதுல தேயுங்க. தேதிக்குக் கட்டிட்டா வட்டி கெடையாது. செலவு பண்ணப் பண்ணப் பாயிண்டு ஏறும்"னுச்சு.

"பாயிண்ட வெச்சு என்ன பண்றது?"ன்னு கேட்டாரு அவரு.

"ரெண்டு கார்டு இருக்குண்ணா. ஒண்ணுல பாயிண்டுக்கு டீசல் போட்டுக்கலாம். இன்னொண்ணுல பாயிண்டு சேந்தா பிளேன் டிக்கெட்டு தருவாங்க. எதாச்சும் ஒண்ணுதான் எடுக்க முடியும். திங்கக்கிழமைக்குள்ள சொல்லிட்டீங்கன்னா மொத வருசம் கார்டுக்குக் கட்டணம் இல்ல."

"டீசல் கார்டே போடும்மா"ன்னு அவரு வாய மூடல, "இரும்மா, யோசிச்சு சொல்றோம்"னு நான் குறுக்க பூந்துட்டேன். அந்தப் பொண்ணு ரெண்டு பேரையும் பாத்துச்சு. சண்டைன்னு புரிஞ்சிருக்கும், சிரிச்சுக்கிட்டே கெளம்பிருச்சு.

"பிளேன்ல எங்க போவப்போற நீ?"ன்னாரு.

"எங்கயும் போவல மாமா. பெங்களூருல ஏறி மெட்ராஸ்ல இறங்கி பஸ்ல வந்துருவேன். மேல போவணும், அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"சும்மா."

"சோழியன் குடுமி சும்மா ஆடுமா? என்னமோ இருக்கு, சொல்லு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! தையல் மிஷினு வாங்குனோம், கடைக்கு. வண்டி வாங்குனோம், லோடுக்கு. ஒரு சீலை எடுத்தாக்கூட யாரு வூட்டுக் கல்யாணத்துக்கோதான். எதுக்குன்னு கேட்டா பதிலே இல்லாத ஒண்ணு எனக்கே எனக்குன்னு வேணும். அதைப் போயி இந்த மனுசனுக்கு எப்பிடிப் புரிய வெக்கிறது? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு மொனகிக்கிட்டே மிஷின மிதிச்சேன். காதுல விழுந்திருக்கும்.

அன்னையில இருந்து எனக்குப் பகல்லயே கனா. மத்தியானத்துல கரண்டு போவும். ஃபேன் நிக்கும். ஜன்னல்ல இருந்து ஒரு பட்டை வெயிலு உள்ள விழும். அதுல பஞ்சுத் தூளு மெதுவா ஏறும், இறங்கும், அந்தரத்துல அப்பிடியே நிக்கும். புதுத் தலையணையில தலைய சாச்சு அதையே பாத்துக்கிட்டிருந்தா தரை கீழ கீழ போயிடும். கத்திரிக்கோலு சின்னதாவும், மிஷினு சின்னதாவும், காரிமங்கலமே ஒரு வெட்டுத் துணி அளவுக்கு ஆயிடும். சந்தை சத்தம் கேக்காது. ஆரன் சத்தம் கேக்காது. ஒரு பொண்ணு குனிஞ்சு, "என்ன வேணுங்க மேடம்?"னு கேக்கும். என்னைய, மேடம்னு! ஒண்ணும் வேணாம் தாயி, இப்பிடியே உக்காந்திருக்கேன்னு சொல்லுவேன். அப்பறம் கரண்டு வந்து ஃபேன் சுத்தும், தூளெல்லாம் செதறிப்போவும். நானும் எந்திரிச்சு ஊசியில நூலு கோப்பேன்.

அவரும் விடல, நானும் விடல. சனிக்கிழமை சோறு போடறப்ப அவருதான் சொன்னாரு, "நமக்குள்ள எதுக்குப் பேச்சு? வேடியப்பன்கிட்ட பூ கேட்டுருவோம்."

பூ கேக்குறதுன்னா, சாமி செலையோட ரெண்டு தோள்லயும் ஈரமா ஒவ்வொரு பூவ ஒட்டி வெப்பாங்க. மனசுல ஒரு காரியத்த நெனச்சுக்கிட்டு எதிர்ல உக்காரணும். சாமிக்கு வலப்பக்கத்துப் பூ விழுந்தா ஆவட்டும்னு உத்தரவு, இடப்பக்கம் விழுந்தா வேணாம்னு. பொண்ணு பாக்க, போர் போட, நெலம் வாங்க எல்லாத்துக்கும் எங்க பக்கம் இப்பிடித்தான் கேப்பாங்க. கிரெடிட் கார்டுக்கு யாரும் கேட்டதா நான் கேள்விப்படல.

ஞாயித்துக்கிழமை வேடியப்பன் கோயிலுக்குப் போனோம். சென்னப்பப் பூசாரி, "என்ன காரியம்?"னு கேட்டாரு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. "யாவார விசயங்க"ன்னு அவரு இழுத்தாரு. "சரி, நெனச்சத வெளிய சொல்லப்படாது. மனசுக்குள்ளயே வெச்சுக்குங்க"ன்னுட்டு, பூசாரி ரெண்டு அரளிப்பூவ தண்ணியில நனைச்சு ஒட்டிட்டு ஓரமாப் போயி உக்காந்துட்டாரு.

நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல கைகூப்பி உக்காந்தோம். வெளக்குத் திரி அசையல. கல்லு சில்லுன்னு இருந்துச்சு. வேப்பமரத்துல ஏதோ குருவி கத்திட்டு அதுவும் தூங்கிப்போச்சு. பூவு ரெண்டும் அப்பிடியே ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தனா, கல்லு மேல உக்காந்திருக்கறதே மறந்துபோச்சு. கோயிலே மெதுவா எந்திரிச்ச மாதிரி, வேப்பமரத்து உச்சியத் தாண்டிப் போற மாதிரி இருந்துச்சு. வேடியப்பா, என்னைய ஒருக்கா மேல கூட்டிட்டுப் போன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல. வலப்பக்கத்துப் பூ வழுக்கி, சாமி காலடியில விழுந்துச்சு.

"உத்தரவு ஆயிருச்சு"ன்னாரு பூசாரி.

எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு. திரும்பிப் பாத்தா அவரு மொகத்துலயும் அப்பிடி ஒரு சிரிப்பு. அட, இந்த மனுசனுக்கு நம்ம ஆச மேல இவ்வளவு அக்கறையான்னு நெனச்சு, அவரு கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு.

வண்டியில வர்றப்பதான் வெசயம் வெளிய வந்துச்சு. "பாத்தியா, வேடியப்பனே டீசல் கார்டுன்னு சொல்லிட்டாரு"ன்னாரு.

"என்னது?"

"டீசல் கார்டு வேணும்னா வலப்பக்கம் குடுப்பான்னு கேட்டேன். குடுத்துட்டாருல்ல?"

"அய்யோ மாமா! நான் பிளேன் கார்டுக்கில்ல வலப்பக்கம் கேட்டேன்!"

வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டாரு. வலதுன்னா எந்தக் கார்டுன்னு ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெக்கல. பேசப்படாதுன்னு பூசாரி வேற வாயக் கட்டிட்டாரு. சாமி ஒரே பூவுல ரெண்டு பேருக்கும் தலையாட்டிருச்சு. மறுக்காப் போயிக் கேக்கவும் முடியாது. ஒரு காரியத்துக்கு ரெண்டு வாட்டி கேட்டா சாமி கோவிச்சுக்கும். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அவருக்கு ஒண்ணும் வரல. ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, அப்பிடி என்னதான் பாக்கப்போற? சொல்லு, கேக்குறேன்"னாரு.

அதுவரைக்கும் அவரு அப்பிடிக் கேட்டதே இல்ல. நானும் சொல்ல ஆரம்பிச்சேன். ஜன்னலோரமா உக்காந்திருக்கேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேர்னு மேகம். இது கொட்டை எடுக்காத பஞ்சா, அடிச்ச பஞ்சா, மெத்தைக்கு ஆவுமா, தலையணைக்குத்தான் ஆவுமான்னு பாக்குறேன். வெயிலு கீழ இருந்து அடிக்குது. யாரும் என்னையக் கூப்புடல. டீ குடுக்குறாங்க, ஆறிப்போவுது, ஆறட்டும்னு உக்காந்திருக்கேன். கையில ஊசி இல்ல. காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. சொல்லச் சொல்ல எனக்கே கண்ணு சொக்கிருச்சு.

அவரு முழுசாக் கேட்டுட்டு, "நான் எந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்?"னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எத்தனையோ வாட்டி அந்த பிளேன்ல போயிருக்கேன். பக்கத்து சீட்டப் பாத்ததே இல்ல. அங்க யாரு இருந்தான்னு கேட்டா எனக்குத் தெரியாது. பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரல.

"நீ அதுல இல்ல மாமா"ன்னேன்.

"சரி"ன்னாரு. சட்டையில ஒட்டியிருந்த பஞ்ச ஒவ்வொண்ணாப் பிச்சு வெளிய போட்டாரு. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்த திருப்பித் திட்டியிருப்பேன். அந்த சரிதான் என்னையக் கொன்னுப்போட்டுச்சு.

"நீயும் வா மாமா. பாயிண்டு சேத்து ரெண்டு டிக்கெட்டா வாங்கிக்கலாம்."

"எனக்கு ஒசரம் ஆவாதுன்னு உனக்குத் தெரியாதா? தீர்த்தமலை படியே உன் முந்தானையப் புடிச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டுத்தான் ஏறுனேன். பிளேன்ல ஏத்துனா அங்கயே உசுரு போயிரும்."

"அப்பறம் எதுக்கு அப்பிடிக் கேட்ட?"

"வரப்போறதில்லதான். இருந்தாலும் உன் நெனப்புல ஒரு ஓரமாவாவது இருப்பேன்னு நெனச்சேன்."

இப்பிடியொரு மனுசன வெச்சுக்கிட்டு, கழுதைன்னு சொன்னனே. முந்தானைய மொகத்துல பொத்திக்கிட்டு அழுதேன். அப்பறம் கண்ண மூடி மறுபடியும் அந்த பிளேன்ல போயி ஏறுனேன். பக்கத்து சீட்டுல அவர உக்கார வெச்சுப் பாத்தேன். ஆவல. பயத்துல கண்ண மூடிக்கிட்டு என் கையப் போட்டு நசுக்குறாரு. சரி, எழுப்பி அனுப்பிட்டுக் கீழ பாத்தேன். அங்க இருந்தாரு.

"மாமா, நீ கீழ நிக்கிற. வண்டிய ரோட்டோரமா நிறுத்திட்டு மேல பாத்துக்கிட்டு நிக்கிற."

"உண்மையாவா?"

"உண்மையாத்தான். கைய ஆட்டுற."

அவரு யோசிச்சாரு. "எத்தனையோ பிளேனு போவும். நீ எதுல போறன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுதான். போற பிளேனுக்கெல்லாம் கைய ஆட்டு."

மறுநாளு பிரியதர்ஷினி போன் பண்ணுனப்ப நான் கை நீட்டுறதுக்குள்ள அவரு எடுத்துட்டாரு. "பிளேன் கார்டே போடும்மா. டீசலு வழக்கம்போல போட்டுக்குறேன்"னாரு.

கார்டு இன்னும் வரல. வந்து, பாயிண்டு சேந்து, டிக்கெட்டு வாங்கறதுக்கு எவ்வளவு காலம் ஆவுமோ, வேடியப்பனுக்குத்தான் தெரியும். ஆனா மேல பிளேன் சத்தம் கேட்டாப் போதும், பெங்களூருக்குப் போறதோ, வர்றதோ, அவரு அளவெடுத்துக்கிட்டிருந்த துணியக் கீழ போட்டுட்டு ரோட்டுக்கு ஓடிப்போயி ரெண்டு கையையும் ஆட்டுறாரு. வானத்துல ஒரு புள்ளி நகந்து மறையற வரைக்கும் ஆட்டுறாரு. எதுத்த டீக்கடைக்காரன் மாது, "யாருண்ணா போறாங்க?"ன்னு கேக்குறான்.

"எங்க வூட்டுல போறாங்க"ங்கறாரு. நான் கடைக்குள்ள ஊசியோட உக்காந்திருக்கேன்.