சர்க்கரை போடாத தேநீர்

அன்று மழை பெய்ததாக எனக்கு நினைவு. அக்கா இல்லை என்கிறாள். எது சரியென்று தெரியவில்லை. தேநீரில் சர்க்கரை இல்லாதது மட்டும் உறுதி.

அது அம்மாவின் ஏற்பாடு. உப்புக் குறைந்தால் தட்டை வீசுகிற மனிதரோடு வாழ்ந்தவள் அவள். அப்பா போன பிறகும் சுவரில் அந்தக் கறைகள் போகவில்லை. அதனால் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவருக்குச் சர்க்கரை போடாத தேநீர்தான். வாயைத் திறக்காமல் குடித்தால் தங்கமான பையன்.

அக்கா வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர் அவளைக் கேட்டு வந்தார். அவர் பேச்சைச் சொல்லிச் சொல்லி வீட்டில் தனியாகச் சிரிப்பாள் அக்கா.

"டீயைப் பத்தி முன்னாடியே அவர்கிட்ட சொல்லிடேன்" என்றேன்.

"சொல்லிட்டா அப்புறம் எனக்கு எப்படிடி தெரியும்?"

பெண் பார்க்க வந்த அன்று அவர் ஒரு வாய் குடித்தார்.

"என்ன அத்தை, சர்க்கரை டப்பாவோட சண்டையா?" சிரித்தபடியே சமையலறைக்குப் போய் டப்பாவை எடுத்து வந்தார். என் கோப்பையிலும் ஒரு கரண்டி போட்டார். "உனக்கும் வாய் கசந்துதானே கிடக்கு, குட்டி?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் அம்மா டப்பாவை மூடி உள்ளே வைத்தாள்.

"உனக்குப் பிடிச்சிருந்தா பாக்கலாம்டி" என்று அம்மாதான் இறங்கிவந்தாள்.

"வேண்டாம்மா. இன்னிக்கு சர்க்கரை. நாளைக்கு உப்பு."

அடுத்து வந்தவர் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளர். கோப்பையைக் காலி செய்து வைத்துவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்றார். அக்காவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அவரோடு அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று அக்கா நிஜமாகவே மறந்துவிட்டாள். அத்தான் குடித்து முடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சர்க்கரை போட்டேனா?"

"தெரியலையே."

கதவு சாத்திக்கொண்டது. அக்கா அவர் கோப்பையைக் கழுவினாள். கழுவியதையே திரும்பவும் கழுவினாள்.

"ஒரு குறை சொல்ல மாட்டார்டி" என்றாள் கடைசியில். "போன மாசம் காய்ச்சல்ல கிடந்தேன். அதுவும் அவருக்குத் தெரியல."

அம்மா இறந்துவிட்டாள். லென்ஸ் தேய்ப்பவர் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தானும் அக்காவும் அதே வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் மகள், கலகலவென்று பேசுகிற ஆள்தான் வேண்டுமென்று தேடிக் கட்டிக்கொண்டாள். அவன் இப்போது சத்தம் போடுகிறானாம்.