குளிர்பதன வசதி உள்ளது

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. அன்பு, கருணை என்று சொல்லிக் கதை எழுதுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு இப்போது ஒருவரைத் திட்ட வேண்டும். அந்த ஆள் என் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தபோது, கண்களில் ஆயிரம் கனவு..."

வேண்டாம். அவள் என் தங்கை. கனவெல்லாம் கிடையாது. கணக்கு நன்றாக வரும், ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

2

பட்டம் வாங்கிய கையோடு பெரிய நிதி நிறுவனம் ஒன்று அவளைப் பயிற்சித் திட்டத்தில் எடுத்துக்கொண்டது. விண்ணப்பித்தவர்கள் ஒரு ஊர்; தேறியவர்கள் ஒரு வேன் கொள்ளும். இரண்டு வருடம் துறை துறையாக மாற்றி வேலை கற்றுக்கொடுப்பார்கள், பிறகு அதிகாரி. அப்பா தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். கேட்காதவர்களிடம் இரண்டு முறை சொன்னார்.

கடன் பிரிவில் அவளுக்கு வாய்த்த மேலாளர் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பார். பயிற்சிக்கு வந்தவர்கள் வைத்த பெயர் 'சிரித்தமுகம்'. (கெட்டவனிடமும் ஒரு நல்ல குணத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரம் தட்டையாகிவிடும் என்பார்கள். சரி, யார் பிறந்தநாளையும் மறக்கமாட்டார். போதுமா?)

3

ஒரு குளிர்பதனக் கிடங்கு கடன் கேட்டிருந்தது. நேரில் பார்த்து அறிக்கை எழுதும்படி தங்கையையும் அவளோடு பயிற்சியில் சேர்ந்த நெட்டையன் ஒருவனையும் அனுப்பினார்கள். குளிருமே என்று ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே வியர்த்துக் கொட்டியது. மூட்டைகளில் உருளைக்கிழங்கு முளைவிட்டிருந்தது. அழுகல் வாடை.

"அறைகள் குளிராக இல்லை. இயந்திரம் ஓடவில்லை" என்று எழுதினாள்.

சிரித்தமுகம் திருத்தினார்: "குளிர்பதன வசதி உள்ளது." அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில், அவள் பெயர் அப்படியே இருந்தது.

"சார், அது ஓடவே இல்லையே சார்."

"ஓடுதுன்னு நான் எழுதலையேம்மா. வசதி இருக்கா, இல்லையா? இருக்கு. இதுல பொய் எங்க இருக்கு?" சிரிப்பு. "போகப் போகப் புரியும்."

(எழுதிப் பிழைக்கும் எனக்கே இப்படி ஒரு வாக்கியம் வாய்த்ததில்லை. எந்தச் சொல்லிலும் பொய் இல்லை. மொத்தமும் பொய்.)

அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். [இங்கே 'பயந்துபோய்' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு எரிந்து விழுந்தாள்: "பயமெல்லாம் இல்லக்கா. பெரியவர், தெரிஞ்சுதான் செய்வார்னு நம்பிட்டேன். அதான் எரியுது."]

4

கடன் கைக்கு வந்ததும் கிடங்குக்காரர் கம்பி நீட்டினார். விசாரணை வந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். சிரித்தமுகம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்ல பொண்ணு சார். புதுசு. அவசரத்துல கவனிக்காம எழுதிடுச்சு, நானும் நம்பிட்டேன். சின்ன வயசு, மன்னிச்சு விட்டுடலாம்."

செய்யாத தப்புக்கு மன்னிப்பு! 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம், அடுத்த துறைக்கு மாற்றிவிடுவார்களாம்.

நெட்டையனைக் கூப்பிட்டு, உள்ளே குளிராக இருந்ததா என்று கேட்டார்கள்.

"சரியா ஞாபகம் இல்ல சார்."

(அவனுக்கு ஒரு நோயாளித் தாயை உண்டாக்கி ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன். அவன் அம்மா திடகாத்திரமாக இருக்கிறார்.)

வீட்டில் அப்பா, "கையெழுத்தைப் போட்டுட்டு வேலையப் பாரும்மா. யானையோட மோதி யாராவது ஜெயிச்சிருக்காங்களா?" என்றார்.

"அது யானை இல்லப்பா. ஒரு ஆள்."

"வேலை போச்சுன்னா தெருவுல என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவேன்?"

"இருக்கற இடத்துலயே வச்சுக்கோங்க."



5

ஒரு முடிவு: கையெழுத்துப் போடுகிறாள். பல வருடம் கழித்து, பயிற்சிக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணின் அறிக்கையைச் சிரித்தபடி திருத்துகிறாள். இதைப் படித்த தங்கை தாளை என் மடியில் எறிந்தாள்.

இன்னொன்று: ராஜினாமாவை மேசையில் வீசிவிட்டு, கொட்டும் மழையில் தலை நிமிர்ந்து...

"மழையா? அன்னிக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு. நான் எதுக்குக்கா போகணும்? தப்புப் பண்ணினவர் போகட்டும். நான் பண்ணாததை எழுதி என் தலையில கட்டுறியே, உனக்கும் அந்த ஆளுக்கும் என்ன வித்தியாசம்?"

இனி நடந்தது மட்டும்.

6

"உள்ள வேர்த்துச்சு. அதைத்தான் எழுதினேன். மாத்தினது இவர்" என்று அடுத்த விசாரணையில் மூன்று அதிகாரிகளிடமும் சொன்னாள். குறித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. துரத்தக் காரணம் கிடைக்காததால் அவளுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி மேசை. காலையில் போய் உட்காருகிறாள், மாலையில் எழுந்து வருகிறாள். தானாகக் கழன்றுகொள்வாள் என்று காத்திருக்கிறார்கள். வீட்டில் அவள் கை பட்ட கதவெல்லாம் அதிர்கிறது.

போன வாரம் புதிய பயிற்சியாளர்கள் வந்தார்கள். அலுவலகத்தைச் சுற்றிக் காட்டியவர் சிரித்தமுகம். அச்சு இயந்திரத்தைத் தாண்டும்போது ஒரு பெண் நின்றாள்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க அக்கா?"

சிரித்தமுகமும் நின்றார். சிரிப்பு அப்படியே இருந்தது.

தங்கை என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன், என் கை பட்டால் ஒரு சொல்லாவது மாறிவிடும். நீங்கள் வந்து அந்த நாற்காலியில் உட்காருங்கள். அந்தப் பெண் உங்களைத்தான் கேட்கிறாள். சொல்லுங்கள். சொல்லும்போது மேசையைப் பார்க்காதீர்கள். அந்த ஆளின் பல்லைப் பார்த்துச் சொல்லுங்கள்.