அக்காவின் பசியை எழுதுவது

1

இந்தக் கதை அக்காவிடமிருந்து சுட்டது. அவள் பேக்கரி நடத்துகிறாள். எடை குறைய இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்த பிறகு ஒருநாள் ஃபோனில் சொன்னாள்: "பசின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுடா." நான் ஆறுதல் சொல்லாமல் பேனாவைத் தேடினேன். எழுதுகிறவனைத் தம்பியாகப் பெற்றால் இதுதான் கதி.

2

முதல் தொடக்கம்: "ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒருத்தி மெலிந்துகொண்டே..." (வேண்டாம். அக்கா சிரிப்பாள்.)

இரண்டாவது: "பசியைத் தூண்டும் கிரெலின் என்கிற ஹார்மோன் பெரும்பாலும் சுரந்தது, வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான். குடலில் சுரந்து 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன்களோ, நாலு வாய் உள்ளே போனதுமே முந்திக்கொண்டு..." (பாடப்புத்தக வாடை. ஆனால் உண்மை. இருக்கட்டும்.)

3

அக்கா ஓவனுக்குக் கடிகாரம் பார்த்ததில்லை. வாசனை எழுந்து வயிறு கிள்ளினால் ரொட்டி வெந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருடம் அது தப்பியதில்லை. இப்போது வாசனை வருகிறது, வயிறு வாயே திறப்பதில்லை. பழைய பழக்கத்தில் காத்து நிற்கிறாள். தட்டுத் தட்டாகக் கருகுகிறது. வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்கு நகர ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்காவின் கணவர், என் மாமா, ஒரு டைமர் வாங்கி வந்தார்.

"இத வெச்சுப் பாரேன்."

"மாவு தினமும் ஒரே மாதிரியாவா இருக்கு? இதுக்கு என்ன தெரியும்?"

மாமா வாதாடவில்லை. அவள் மூச்சு வாங்காமல் மாடியேறுவதே அவருக்குப் போதும். [இவ்வளவு நல்லவர் கதையில் எடுபடுவாரா? சந்தேகம்தான்.]

4

ஒரு காலை. மாவுத்தூள் வெளிச்சத்தில் மிதக்கிறது. நேரமே நடக்காததுபோல் இருக்கிறது. அக்கா வயிற்றில் கை வைத்து நிற்கிறாள்.

"டேய், என்னமோ பண்ணுது."

"பசியா?"

"தெரியல. பசின்னா கடை பிழைச்சுக்கும். ஆனா நான் பழையபடி ஊதிப்போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

அக்காவோடு போய் மருத்துவரைக் கேட்டேன். "சிலருக்குப் பசி கொஞ்சம் திரும்பும். அதனாலேயே எடை ஏறிடும்னு இல்ல," என்றார்.

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்றாள் அக்கா.

5

முடிவு ஒன்று: பசி திரும்புகிறது, கடை நிறைய... (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: திரும்பவில்லை. அக்கா டைமரை... (இதையும்.)

இரண்டையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"முடிவ நீ எழுதாதடா. இது என் வயிறு."

எனவே இங்கே விலகிக்கொள்கிறேன். எனக்கு வருத்தம்தான். ஓவனில் ரொட்டி இருக்கிறது, வாசனை வந்துவிட்டது. கையுறை மாட்டிய அக்கா என்னைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள்.

"உங்களுக்குப் பசிக்குதா?"