அடுப்புமேல் காய்ந்த வார்

சுகன்யாவுக்கு முதலில் வாசனைதான் வந்தது. பூண்டுப் புகை. வீட்டு அடுப்படி வாசனை இங்கே எப்படி வரும் என்று சுற்றிலும் பார்த்தாள். காலுக்குக் கீழே முந்நூறு அடிக்கு ஒன்றுமில்லை.

அவள் ஊரான வில்பட்டியிலிருந்து அரைமணி நடந்தால் அந்தப் பாறை விளிம்பு வரும். விளிம்புக்கு அறுபது அடி கீழே, பாறையில் அடித்த இரண்டு போல்ட்டுகளில் தொங்குகட்டிலை மாட்டி அதில் உட்கார்ந்திருந்தாள். அலுமினியச் சட்டம், நைலான் துணி, நான்கு மூலையிலிருந்தும் மேலே போய் ஒரே வளையத்தில் சேரும் நான்கு வார்கள். கட்டில் என்பது அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பெரிய சுவர் ஒன்றில் தனியாக ஏறப்போகிறாள். மூன்று இரவு இதில்தான் தூங்க வேண்டும். அவளுக்கு ஏறக் கற்றுத்தந்த சேனாதிபதி, பெங்களூரிலிருந்து இரண்டு கட்டில்களைப் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். ஒன்று ஐந்து கிலோ, வார்கள் மெல்லியவை. மற்றது ஒன்பது கிலோ, வார்கள் பெல்ட் அகலம். தனியாக ஏறுகிறவள் எல்லாச் சுமையையும் தானே இழுத்தேற்ற வேண்டும். நாலு கிலோ சின்ன விஷயமில்லை.

"லேசானத எடு. பயமா இருந்தா கனமானத எடு," என்றார் போனில்.

"பயமில்லாம யாரு போறாங்கண்ணே?"

நேற்று இரண்டையும் வீட்டுக்குப் பின்னால் யூக்கலிப்டஸ் மரத்தில் கட்டி உட்கார்ந்து பார்த்தாள். அப்பா திருமலைச்சாமி பூண்டு மூட்டையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"இந்த வயசுல புள்ளைங்க கல்யாணச் சீருக்குத்தான் கட்டில் பாக்கும். நீ தொங்குறதுக்குப் பாக்குற."

"சீர்க் கட்டில் ஒரு வருசம் தாங்காதுப்பா."

"விழுந்தா தரையிலதான விழுகும்?"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிச் சோதித்த பிறகு, எல்லாவற்றையும் கொட்டகைக் கொடியில் காயப்போட்டாள். காலையில் எழுந்தபோது அவை மடித்துப் பைகளில் இருந்தன. அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். மூடுபனி ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று லேசான பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நேற்றுத்தானே சோதித்தோம் என்ற நினைப்பு.

இப்போது ஒரு வாரை மூக்கருகே இழுத்தாள். வாசனை அதிலிருந்துதான் வந்தது.

மழைக்காலத்தில் வில்பட்டியில் கொடியில் எதுவும் காயாது. ஸ்வெட்டர், சாக்கு, பூண்டு எல்லாமே அடுப்புக்கு மேலே கம்பியில்தான் காயும். கம்பியை ஒட்டித் தகரப் புகைக்குழாய் போகும். அதில் பூண்டு பட்டால் ஒன்றும் ஆகாது. நைலான் பட்டால் உருகும்.

வார்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். முதல் வார், இரண்டாவது வார், இரண்டும் மிருதுவாக இருந்தன. மூன்றாவது, இடது ஓரத்து வார், இரண்டு விரல் நீளத்துக்கு விறைத்துப் பளபளத்தது. அவள் இடுப்பைப் போல்ட்டோடு இணைத்திருந்த வாரும் அதே பையில் வந்ததுதான். அதைத் தடவ அவளுக்குக் கை போகவில்லை. தடவினாள். அதிலும் ஓரிடம் விறைத்திருந்தது.

நேற்று நனையாதவை இரண்டே. இடுப்புப் பட்டையும் கயிறும் வீட்டுக்குள் அவள் படுக்கிற கட்டிலுக்கடியில் கிடந்தன. இப்போது அந்தக் கயிறு மேலே விளிம்பிலிருந்து தொங்கியது. கட்டிலுக்கு மேல் கூடாரம்போல் விரிக்கும் மழைத்துணியோடு சிக்குகிறது என்று சற்று முன்புதான் அதை இடுப்பிலிருந்து கழற்றியிருந்தாள். காற்று அதைக் கொண்டுபோய் ஒரு முட்புதரில் மாட்டிவிட்டது. இடதுபக்கம், எட்டாத தூரத்தில்.

கீழேயிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது.

மழைத்துணிக்கான கம்பியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். ஒவ்வொரு விரற்கடையாக இடதுபக்கம் நகர்ந்தாள். சட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. வாரில் நெறுநெறுவென்று சின்னச் சத்தம். நிறுத்தினாள். மூச்சையும் நிறுத்தினாள். சத்தம் நின்றது. கம்பியை நீட்டினாள். நுனி கயிற்றைத் தொட்டது, வழுக்கியது. மறுபடி நீட்டினாள். முருகா என்று சொல்லக்கூட வாய் திறக்கப் பயமாக இருந்தது.

மூன்றாவது முறை கயிறு வந்தது. இடுப்புப் பட்டையில் அதைக் கட்டி முடிச்சைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

கட்டிலைப் பாறையிலேயே விட்டுவிட்டு, இடுப்பில் மாட்டியிருந்த, கயிற்றைக் கவ்வும் பிடிகளால் மேலே ஏறி வீடு வந்து சேர்ந்தாள். அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வெரசா வந்துட்ட. எது தேறுச்சு?"

"எந்தக் கட்டிலப்பா அடுப்புமேல போட்டீங்க?"

"வெள்ளனே பாத்தேன், நசநசன்னு கெடந்துச்சு. ஈரத்துல உக்காந்தா சளி புடிக்கும்ல. ஒண்ணப் போட்டு ஒண்ண விடவா? ரெண்டையுந்தான் போட்டேன்."

கனமான பையைக் கொண்டுவந்து வாசல் வெளிச்சத்தில் கொட்டினாள். அகலமான நான்கு வார்களையும் இரண்டு தடவை பார்த்தாள். விறைப்பு இல்லை, பளபளப்பு இல்லை. வாசனை மட்டும் இருந்தது.

"நல்லாத்தான இருக்கு?" என்றார்.

"தெரியலப்பா. சூடு பட்டது வெளிய தெரியாமலும் இருக்கும்."

இடுப்பு வாரை அவர் கையில் கொடுத்தாள். "இதுல தொங்கிட்டு இருந்தேன்."

அவர் விறைத்த இடத்தை மடக்கிப் பார்த்தார். அது அப்பளம்போல் வெடித்தது. அவர் உள்ளே போய்ப் பூண்டுத் தண்டு அறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"அறுத்துரு."

கனமான கட்டிலின் முதல் வாரை அவரே இழுத்துப் பிடித்தார். அது லேசில் அறுபடவில்லை. கத்தியைப் பலமுறை இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. அவர் அடுத்த வாரை இழுத்துப் பிடித்தார்.