தலைவரின் வேர்வை

ஆலை வாசலில் தையல்காரி ஒருத்தி, ஊசி ஏறிய விரலைக் காட்டி மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். போராட்டக் கூட்டங்களில் பேசுகிறவர்களைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்ட போட்டோக்காரி அவளை நெருங்கினாள். அந்த நேரம் பார்த்துத்தான் சங்கத் தலைவர் ஏசி காரிலிருந்து இறங்கினார். கேமராவைப் பார்த்ததும் மனிதருக்கு வீரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ இறங்கும்மா, நான் பாத்துக்கறேன்" என்று மைக்கைப் பிடுங்கினார்.

பிறகு போட்டோக்காரியிடம் குனிந்து, "மூஞ்சி ரொம்பப் பளிச்சுன்னு இருக்கோ? உழைச்சுக் களைச்ச மாதிரி தெரியணும்" என்றார். பதிலுக்குக் காத்திராமல் டிரைவரைக் கூப்பிட்டு நெற்றியில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். பவுடர் போட்டுக்கொள்ளும் குழந்தைபோல் கண்ணை மூடி முகத்தைக் காட்டினார். போட்டோக்காரி அந்தக் கோலத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கேமராவை மூடினாள்.

மறுநாள் அதைப் பெரிதாக்கி ஆலைச் சுவரில் ஒட்டினாள். வேலைநிறுத்தக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தலைவர் போனில் கத்தினார்: "என் மானத்தையே வாங்கிட்டியேம்மா! உழைக்கிற மாதிரிதானே எடுக்கச் சொன்னேன்?"

"உழைச்சது உங்க டிரைவர்தான் சார். படத்துல அவர் நல்லாத்தான் விழுந்திருக்காரு."

போனை வைத்துவிட்டு, கேமராவோடு தையல்காரியைத் தேடிப் போனாள்.