ஐந்நூற்று நாற்பத்தொரு வருட ஆயுள்

மத்தியானத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்று பெரிய டாக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். உபோன் பக்கம், மூன் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டு எழுதும் மென்பொருளின் புதிய பதிப்பை வாங்கப் போகிறார்கள். அடியில் இருக்கும் டேட்டாபேஸ் அதைத் தாங்குமா என்று வாசனா பார்த்துச் சொல்ல வேண்டும். என்ன வெர்ஷன், தயாரித்த கம்பெனி இன்னும் அதைக் கவனிக்கிறதா, வேகம் எப்படி என்று மூன்றே கேள்விகள். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"பலகையைப் பாரு, பச்சையா இருக்கு. போட்டுக் குடுத்துட்டு வா, சாப்பிடலாம்" என்றான் தேச்சா. பதினோரு வருடமாக அந்த அறையை ஆள்பவன். சுவரில் இருந்த பெரிய திரையைத்தான் பலகை என்றான். எந்த மென்பொருளுக்கு எதுவரை கம்பெனியின் ஆதரவு என்ற தேதிகளை அவன் ஒருமுறை பதிந்து வைத்துவிட்டான். கெடு நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. இதுவரை பச்சையைத் தவிர எதையும் அது காட்டியதில்லை.

தேச்சா மூக்கருகே தைலக் குப்பியைப் பிடித்து உறிஞ்சினான். இங்கே ஆம்புலன்ஸ் ஓட்டிய விச்சியனின் இறுதிச் சடங்கில், ஊர் வழக்கப்படி வந்தவர்களுக்கெல்லாம் நினைவாகக் கொடுத்தது. குப்பியில் விச்சியனின் சிரித்த முகம் ஒட்டியிருந்தது. போன மாதம் கால் புண்ணுக்கு இங்கேயே வந்து படுத்தவன் இரண்டாம் நாள் போய்விட்டான். மாரடைப்பு என்றார்கள்.

"வார்டுல உங்கம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டாள் வாசனா.

"காய்ச்சல்ல உளறுது. என்னையே யாருன்னு கேக்குது. பெனிசிலின் ஆகாதுன்னு அது எங்க சொல்லப் போகுது? சொல்ல வேணாம். டாக்டர் எழுதினாலே ஸ்க்ரீன் சிவப்பாக் கத்தும். ஆறு வருசத்துக்கு முன்னால அந்த ஊசியில போய்ட்டு வந்த உசுரு அது. ஒவ்வாமைப் பட்டியல்ல முதல் பேரே அம்மா பேருதான், நானே ஏத்தினேன்."

வாசனாவுக்குப் பச்சையைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லை. பிடிவாதக்காரி. டேட்டாபேஸ் வரியைத் திறந்தாள். ஆதரவு முடிய இன்னும் 541 ஆண்டுகள் என்றிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, நம்ம பேரப்புள்ளைங்களோட பேரப்புள்ளைங்க வரைக்கும் கம்பெனி பாத்துக்குமாம்."

தேச்சாவும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். பதிந்திருந்த ஆண்டு 2566.

முதலில் சிரிப்பை நிறுத்தியது அவன்தான். வீட்டு நாட்காட்டியில் இருக்கும், 543 வருடம் கூடுதலாக ஓடும் புத்த வருடத்தை, பிறந்த தேதி எழுதுவதுபோல், கை தானாக எழுதியிருக்கிறது. பலகையோ வெளிநாட்டுக் கணக்கில் எண்ணுகிறது. கம்பெனிக்காரனுக்கு அது 2023. இது 2025. ஆதரவு போய் இரண்டு வருடம் ஆகிறது.

"சரி, விடு, மாத்திடலாம். ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்றான். குரலில் தெம்பு இல்லை.

வாசனா கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். அந்த வெர்ஷனில் ஒரு கோளாறு இருந்தது. பதிவுகள் பெருகப் பெருகத் தேடல் மந்தமாகும். போன வருடமே அதைச் சரிசெய்திருந்தார்கள், ஆதரவு உள்ள வெர்ஷன்களுக்கு மட்டும். மூன்றாவது கேள்விக்குப் போனாள், வேகம்.

"அண்ணே, ஒவ்வாமை தேடுறதுக்கு லேட்டானா ஸ்க்ரீன் என்ன பண்ணும்?"

"மூணு செகண்டு பாக்கும். அதுக்கப்புறம் டாக்டரை நிக்க வைக்காம மேல போயிடும். டாக்டருங்க கத்துனாங்கன்னு நான்தான் அப்படி வெச்சேன். எதுக்குக் கேக்குற?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். இன்று காலையில் மட்டும் நாற்பது தேடல்கள் மூன்று விநாடியைத் தாண்டியிருந்தன. தாண்டியவை எதற்கும் எச்சரிக்கை வரவில்லை. கடைசி வரி ஒன்பது நிமிடத்துக்கு முந்தையது. பெண்கள் வார்டு, பதினாலாம் கட்டில், பெனிசிலின்.

பதினாலாம் கட்டில் தேச்சாவின் அம்மாவுடையது.

அவன் செருப்புக்கூட மாட்டாமல் ஓடினான். வாசனா போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரம். எடுங்க, யாராவது எடுங்க என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். ஏழாவது மணிக்கு நர்ஸ் எடுத்தாள்.

"பதினாலுக்கா? இப்பத்தான் ஏத்தினேன். சிவப்பு ஒண்ணும் வரலையேம்மா."

"கழட்டுங்கக்கா! கழட்டுங்க!"

கழற்றினார்கள். கிழவியின் கழுத்திலும் மார்பிலும் தடிப்புகள் எழும்பத் தொடங்கியிருந்தன. மாற்று ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, அரை மணி கழித்து மூச்சு சீரானது. உயிர் தப்பிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது தேச்சா தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

அவன் அறைக்குத் திரும்பியபோது முகம் கழுவித் தெளிந்திருந்தான். வாசனாவின் கையைப் பிடித்துக் கும்பிட்டான். "நீ மட்டும் பச்சையைப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருந்தா..."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அச்சடித்த தாள் ஒன்று அவள் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

"அது என்ன?"

"ஆகாத மருந்துன்னு பதிஞ்சிருந்தும், அதை எழுதுனப்ப எச்சரிக்கை வராமப் போனவங்க. மழைக்காலத்துலேருந்து எடுத்தேன். முப்பத்தேழு பேர். இப்ப பாக்காதீங்கண்ணே, முதல்ல சாப்பிடுங்க."

அவன் தாளைத் திருப்பினான். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினான். ஒன்பதாவது பெயரில் விரல் நின்றது.

வாசனா தைலக் குப்பியை மேசையிலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் வைக்கப் போனாள். தேச்சா அதற்குள் அதில் ஒட்டியிருந்த சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டான்.